இரண்டு முடிவுகள் கொண்ட படம்

மலாக்கா காஜா பேராங்கில் தம்பிராஜாவை அறியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த சில வருஷங்களில் அவருக்கு அரசாங்கத்தின் சினிமா வேனில் வேலை கிடைத்தது. வேன் தோட்டம் தோட்டமாகப் போகும். திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டுவார்கள். திரையில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் பேச, தம்பிராஜா மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேசுவார். கொசுவை எப்படி ஒழிப்பது, கைப்பிள்ளைக்குப் பால் எப்படிக் காய்ச்சுவது, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு அவர் குரலில்தான் போய்ச் சேர்ந்தது.

படம் முடிந்ததும் எல்லாரும் கலைந்து போவார்கள். இரண்டு மூன்று பெண்கள் மட்டும் போகமாட்டார்கள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருக்கும். பக்கத்தில் ஆண் துணை இருக்காது. அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி மைக்குப் பக்கத்தில் வந்து கேட்பாள்.

"சார், நீங்க நாலு ஊரு போறவங்க. சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவங்களப் பத்தி ஏதும் சேதி உண்டா?"

தம்பிராஜா இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்குவார்.

சேதி அவருக்குத் தெரியாமல் இல்லை. ஜப்பான்காரன் அவரையும் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் மண் சுமக்க விடாமல், முகாமில் ஆஸ்பத்திரி என்ற பெயரில் இருந்த மூங்கில் கொட்டகையில் மருந்து கட்டும் டிரெஸருக்கு உதவியாளாகப் போட்டார்கள். அதனால்தான் உயிரோடு திரும்பினார். திரும்பி வந்த அன்று மனைவி சந்திரமதி அவரைக் குளிக்க வைத்து, சோறு போட்டு, "அங்க என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"அத மட்டும் கேக்காத" என்றார். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த மனிதர் ஒருநாள் வேன் வேலையை விட்டுவிட்டார். சொந்த வீட்டின் பின்பக்கம் நீளமாக ஒரு கொட்டகை போட்டு, சயாமுக்குப் போனவர்களின் பெண்டு பிள்ளைகளில் நாதியற்றவர்களைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். சந்திரமதி அதை நடத்தினாள். கடைத்தெருக்காரர்கள் அரிசியும் கருவாடும் அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு ஏகாம்பரம், பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய மலாக்காச் செட்டி வகுப்பைச் சேர்ந்தவர். தமிழ் பேச வராது, மலாய்தான். ஆனாலும் தினம் ஒரு கூடைக் கங்கோங் கீரையைக் கொல்லையிலிருந்து பறித்து வேலிக்கு மேலாக நீட்டுவார்.

கொட்டகைக்கு முதலில் வந்தவர்களில் ஒருத்தி கண்ணம்மா. செங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். புருஷன் சுப்பையனை ஜப்பான்காரன் பிடித்துப்போனபோது மகள் விஜயாவுக்கு மூன்று வயது. கண்ணம்மா கொட்டகையில் அத்தனை பேருக்கும் சமைத்தாள். அதிகம் பேசமாட்டாள். காலையில் குளித்ததும் கண்ணாடி இல்லாமலே பொட்டு வைத்துக்கொள்வாள். அது ஒருநாளும் கோணியதில்லை.

கொட்டகையை நடத்த நடத்த தம்பிராஜாவுக்கு ஒன்று புரிந்தது. ஒரு காஜா பேராங்கில் ஒரு கொட்டகை போதாது. ஈப்போவில் இருப்பவனும் சிங்கப்பூரில் இருப்பவனும் இந்தப் பெண்களைப் பார்க்க வேண்டும். வேனில் இருந்தபோது காமெராக்காரர்களோடு பழகிப் படம் பிடிக்கக் கற்றிருந்தார். எந்தக் கம்பெனியையும் அண்டாமல், தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதை வைத்து, ஒரு பழைய காமெராவோடு சொந்தமாகப் படம் எடுக்க இறங்கினார். மலாயாவில் தமிழன் தனியாக முதலாளி இல்லாமல் படம் எடுப்பதாவது என்று சிரித்தவர்கள் உண்டு.

கதை அவரே எழுதியது. சயாமுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒரு தோட்டத்துப் பெண். பிள்ளை வளர்கிறது, தலை நரைக்கிறது, அவன் வரவில்லை. அவ்வளவுதான். சிங்கப்பூர் நாடகத்திலிருந்து வரவழைத்த நடிகை பால்வெட்டும் கத்தியைப் பூ மாதிரி பிடித்தாள். பார்த்துக்கொண்டிருந்த கண்ணம்மா தன்னையறியாமல் போய்க் கத்தியை வாங்கி மரத்தில் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினாள். தம்பிராஜா அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"எனக்கு நடிக்க வராது சார்" என்றாள் கண்ணம்மா.

"நடிக்க வேணாம். தினம் செய்யறதச் செய். நான் புடிச்சுக்கறேன்."

"பேரு?"

"உன் பேரே இருக்கட்டும்."

படம் முக்கால்வாசி முடிந்தபோது, அதை வெளியிட முன்வந்த விநியோகஸ்தர் சிங்கப்பூரிலிருந்து வந்து, அதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசினார்.

"தம்பிராஜா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அவன் வரணும்."

"வரமாட்டான் சார்."

"ஏன் வரக் கூடாது? சுதந்திரம் வரப்போற நேரம். ஜனங்க சிரிச்சுட்டு வீட்டுக்குப் போகணும். அந்தப் பொண்ணு அவ்வளவு கஷ்டப்பட்டதுக்குப் பிறகு அவன் வரலேன்னா சினிமாக் கொட்டகையில நாற்காலிய ஒடைப்பாங்க. அவன் வந்தா, மலாயா முழுக்க நான் ஓட்டித் தர்றேன். உங்க பெண்களப் பத்தி ஊரே பேசும். வேண்டியது அதுதானே?"

வேண்டியது அதுதான். தம்பிராஜா இரண்டு நாள் யோசித்தார். திரையிலாவது ஒருவன் திரும்பி வரட்டுமே என்றுகூடத் தோன்றியது. சந்திரமதியிடம் சொன்னபோது அவள், "ஒங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. ஒங்களுக்குச் சரின்னா எடுங்க" என்றாள்.

கடைசிக் காட்சியைத் தம்பின் ஸ்டேஷனில் எடுத்தார்கள். மலாக்காவில் ஸ்டேஷன் இருந்தும் ரயில் இல்லை. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் மலாக்கா பாதையின் தண்டவாளங்களைப் பிடுங்கிச் சயாமுக்கு ஏற்றிப் போய்விட்டான். புருஷனாக நடித்தவர் டவுனில் நகைக்கடையில் வேலை பார்த்தவர். தகரப்பெட்டியோடு அவர் வண்டியிலிருந்து இறங்கவேண்டும், கண்ணம்மா ஓடிவந்து காலில் விழவேண்டும். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

வண்டி நின்றது. அவர் இறங்கினார். கண்ணம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மெல்ல நடந்து வந்து, கையை உயர்த்தி, அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை தொட்டுப் பார்த்தாள். இருட்டில் ஒரு பொருளைத் தடவிக் கண்டுபிடிப்பவளைப் போல் இருந்தது அது. சுற்றி நின்ற போர்ட்டர்கள்கூட அசையவில்லை. காமெரா நின்ற பிறகும் அவள் அவர் கையை விடவில்லை. அவர்தான் சங்கடத்தோடு விடுவித்துக்கொண்டார்.

தைப் பொங்கலுக்குப் படம் வெளியானது. விநியோகஸ்தர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். வடக்கே பினாங்கிலிருந்து தெற்கே ஜொகூர் வரை ஓடியது. அந்த ஸ்டேஷன் காட்சியில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்திரிகையில் தம்பிராஜாவின் படம் வந்தது. மாலை போட்டார்கள், மேடையில் பேசச் சொன்னார்கள்.

அதற்குப் பின்னால் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் குருபோங் பக்கமிருந்து வந்தார்கள். பிறகு சிகாமட், கோலப்பிலா, அதற்கும் அப்பால் பேராக்கிலிருந்து. பஸ் மாறி மாறி, மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு, விசாரித்துக்கொண்டு காஜா பேராங்குக்கு வந்து வாசலில் நின்றார்கள்.

"அந்த ஆள எங்க கண்டுபுடிச்சீங்க சார்? அந்த எடத்துலயே எங்க வூட்டுக்காரரும் இருப்பாரு. கொஞ்சம் தேடிப் பாருங்க."

"அது சினிமாம்மா. அவர் நகைக்கடைக்காரர்."

அவர்கள் கொட்டகைப் பக்கம் பார்ப்பார்கள். அங்கே கண்ணம்மா விறகு வைத்துக்கொண்டிருப்பாள்.

"அந்தம்மா நெசந்தானே? பேரு கண்ணம்மாதானே? அவங்க வூட்டுக்காரரு சயாமுக்குப் போனவருதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சார் எங்ககிட்ட மறைக்கிறீங்க?"

சந்திரமதி அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, பஸ்ஸுக்கு ஆள் துணை அனுப்பிவைத்தாள். மறுநாள் வேறு இருவர் வந்தார்கள்.

ஒரு காலை ஏகாம்பரம் வேலியோரம் நின்று தம்பிராஜாவைக் கூப்பிட்டார். கண்ணம்மா சில நாட்களாகப் பகல் வேளையில் தலையில் பூ வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு தன் வீட்டைத் தாண்டிப் போவதாகவும், நேற்று "எங்கே போகிறாய்?" என்று தான் மலாயில் கேட்டதாகவும் சொன்னார்.

"என்ன சொன்னா?"

"துங்கு லாக்கி" என்றார் ஏகாம்பரம். புருஷனுக்குக் காத்திருக்கப் போகிறேன் என்றிருக்கிறாள். சொல்லிவிட்டு அவர் தம்பிராஜாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கண்ணம்மா பழைய மலாக்கா ஸ்டேஷனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

விஜயாவுக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தது. தெங்கேராவில் இருந்த நல்ல குடும்பம். பையன் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தான். ஆனியில் முகூர்த்தம் என்றிருந்ததைக் கண்ணம்மா தள்ளிப்போட்டாள். மெர்டேக்கா எனும் சுதந்திரம் வந்ததும் சயாமில் பிடித்து வைத்திருக்கிறவர்களையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்று எவளோ சொல்லியிருந்தாள். அவர் வந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், அதற்குள் என்ன அவசரம் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

விஜயா தம்பிராஜாவிடம் வந்து நின்றாள். அதிர்ந்து பேசாத பெண்.

"மாமா, அம்மா முன்னெல்லாம் அப்பாவப் பத்திப் பேசவே மாட்டாங்க. வருவாருன்னு சொன்னதில்ல, செத்துட்டாருன்னும் சொன்னதில்ல. நாங்க பாட்டுக்கு இருந்தோம். இப்ப அவருக்குன்னு தட்டு எடுத்து வைக்கிறாங்க. நீங்கதான் எங்கப்பாவ அந்த ரயில்ல கொண்டாந்து எறக்குனீங்க. நீங்களே திருப்பி ஏத்தி விடுங்க."

சொல்லிவிட்டு, அப்படிப் பேசியதற்காக அவளே அழுதாள்.

சந்திரமதி அன்று புருஷனிடம் சொன்னாள்: "அங்க அவரு செத்தத நானே பாத்தேன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்த. அந்தப் பொண்ணு பொழச்சுக்கும்."

"நான் பாக்கலையே சந்திரா."

"தெரியும். ஒரு பொய்யால வந்தது இது. இன்னொரு பொய்யால போகட்டுமே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பழைய ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. தண்டவாளம் இருந்த தடத்தில் யாரோ மரவள்ளி நட்டிருந்தார்கள். கண்ணம்மா நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூந்தலில் மல்லிகை. அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"உக்காரு கண்ணம்மா." அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். "நான் சயாமுக்குப் போயிட்டு வந்தவன். ஒனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"அங்க என்ன நடந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

சொன்னார். மழை ஓயாமல் பெய்ததை, காலரா வந்ததை, மூங்கில் கொட்டகையில் ஒருவர் மேல் ஒருவர் கிடந்ததைச் சொன்னார். விடியற்காலையில் யார் அசையவில்லை என்று பார்த்துத் தூக்கிக்கொண்டு போய் விறகுக்கட்டை மாதிரி அடுக்கி எரித்ததைச் சொன்னார். சில நாள் எரிக்கவும் காய்ந்த விறகு இல்லாமல் குழியில் தள்ளியதைச் சொன்னார். தள்ளிய பிறகு ஒருவன் கை அசைந்ததுபோல் இருந்ததையும், காவல்காரன் பின்னால் நின்றதால் தான் திரும்பி நடந்ததையும் சொன்னார்.

கேட்டு முடித்ததும் கண்ணம்மா நிமிர்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா?"

சந்திரமதி சொன்ன அந்த ஒரு வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது கண்ணம்மா. பேரு கேட்டு எரிக்கல. நான் தூக்குனவங்கள்ல அவரும் இருந்திருக்கலாம். வேற முகாமா இருக்கலாம். ஆனா உசுரோட இருந்திருந்தா இத்தன வருஷத்துல வந்திருப்பாரு. இது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுதான் அவர ரயில்ல எறக்குனேன்."

அவள் மரவள்ளிச் செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"செத்தவங்களுக்கு வாய்க்கரிசி போட்டீங்களா?"

"அரிசியே இல்லம்மா அங்க."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும் இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். புருஷன் செத்ததைவிட, வெறும் வாயோடு போனான் என்பது அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தரையில் நெற்றி படக் குனிந்து அழுதாள். தம்பிராஜா தேற்றவில்லை. தனக்கு அந்த உரிமை இல்லை என்று இருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். "வாசலுக்கு வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் இதச் சொல்லிடுங்க சார். வர்ற அமாவாசைக்கு வரச் சொல்லுங்க. நாங்களே போட்டுடறோம்."

ஆடி அமாவாசை அன்று தெங்கேராக் கடற்கரையில் பெண்கள் கூடினார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர். கடல் உள்வாங்கிச் சேறு தெரிந்தது. அலை திரும்பும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உடம்பு இல்லை, சாம்பல் இல்லை. தாம்பாளத்தில் அரிசியும் சொம்பில் பாலும் மட்டும் இருந்தன.

தம்பிராஜா வெறுங்கையோடு வந்திருந்தார். கண்ணம்மா அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"காமெரா எங்க?"

"இது அதுக்கான எடம் இல்ல கண்ணம்மா."

"அவரு ரயில்ல வந்தத ஊரு முழுக்கப் பாத்துச்சு. இதயும் பாக்கட்டும். எடுத்துட்டு வாங்க. நீங்க வர்றவரைக்கும் நாங்க தொடங்க மாட்டோம்."

அவர் வீட்டுக்கு ஓடிக் காமெராவை எடுத்துவந்தார். பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷன் பெயரை, வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லாத பெயரை, உரக்கச் சொல்லி அரிசியைக் கடலில் போட்டாள். கண்ணம்மா "சுப்பையன்" என்றாள். தாலியைக் கழற்றிப் பால் இருந்த சொம்பில் போட்டாள். உள்ளங்கையால் தண்ணீர் எடுத்து நெற்றியைத் துடைத்தாள். காமெராவுக்குப் பின்னால் தம்பிராஜாவின் தோள் குலுங்கியதில் அந்தப் படம் சில இடங்களில் ஆடியிருக்கும்.

மெர்டேக்காக் கொடிகள் கடைத்தெருவில் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்த ஒரு காலையில் விஜயாவின் கல்யாணம் காஜா பேராங் அம்மன் கோவிலில் நடந்தது. தம்பிராஜாவும் சந்திரமதியும் தாரை வார்த்தார்கள். கண்ணம்மா வெள்ளைச் சேலையில் சமையல் கொட்டகைப் பக்கம் நின்றாள். "மேடைக்கு வா" என்று சந்திரமதி இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. போன ஆனியில் கல்யாணம் நடந்திருந்தால் அவள் பூவும் பொட்டுமாக மகளுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். அதை அங்கிருந்த எல்லாரும் நினைத்தார்கள். தாலி ஏறியதும் விஜயா மாலையோடு இறங்கிப் போய் அடுப்புப் புகையில் நின்ற தாயின் காலைக் கட்டிக்கொண்டாள்.

தம்பிராஜா பழைய கடைசி ரீலை எரித்துவிட்டுக் கடற்கரைக் காட்சியை அந்த இடத்தில் ஒட்டினார். விநியோகஸ்தர் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். தொட மாட்டேன் என்றார். எந்தச் சினிமாக் கொட்டகையும் படத்தை எடுக்கவில்லை. சுதந்திரம் வாங்கிய சந்தோஷத்தில் இருந்த ஜனங்களுக்கு அதைப் பார்க்க மனம் இல்லை. இரவல் புரொஜெக்டரோடு அவரே தோட்டம் தோட்டமாகப் போனார். கண்ணம்மாவும் கூடப் போவாள். படம் முடிந்ததும் தம்பிராஜா திரைக்கு முன்னால் வந்து நின்று சயாமில் கண்டதைச் சொல்வார். சில தோட்டங்களில் துரை உள்ளே விடவில்லை. ஓரிடத்தில் ஒரு பெண் மண்ணை வாரி அவர் முகத்தில் எறிந்தாள். பல இடங்களில் பெண்கள் எழுந்து போய், அடுத்த நாள் காலையில் பொட்டில்லாமல் வேலைக்கு இறங்கினார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று புதிய அரசாங்கத்தின் ஆபீஸ்களுக்கும் நடந்தார். உட்காரவைத்து மரியாதையாகப் பேசி அனுப்பினார்கள். அவர் வேறு படம் எடுக்கவில்லை.

குருபோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், பள்ளிக்கூடத்து ஜன்னல்களைச் சாக்கால் மறைத்துப் படம் காட்டினார். முடிந்து எல்லாரும் போன பிறகு பூங்காவனம் என்ற பெண் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு.

"போன தடவ டவுன்ல பாத்தப்ப அவரு ரயில்ல வந்தாரே சார். இப்ப ஏன் வரல?"

"அது நான் செஞ்ச தப்பும்மா. பொய்யா எடுத்தது. இதுதான் நெசம்."

"நெசம் எங்களுக்குத் தெரியாதுங்கறீங்களா?" அவள் கோபமில்லாமல்தான் கேட்டாள். "அவரு எறங்குனதும் இந்தம்மா மொகத்தத் தொட்டுப் பாத்துச்சு பாருங்க, அத இன்னொரு வாட்டி பாக்கலாமேன்னுதான் வந்தேன். இருக்கா?"

"இல்லம்மா. எரிச்சுட்டேன்."

"சரிங்க சார்."

அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கண்ணம்மா அதை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் போனாள். லயத்துப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து எதையோ பேசிக்கொண்டிருப்பது தூரத்தில் தெரிந்தது. சாமான்களை ஏற்றிப்போக வந்திருந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். தம்பிராஜா அவனைக் கையமர்த்திவிட்டு, பாதியில் கிடந்த வயரை எடுத்துத் தானே சுருட்டி முடித்தார்.